அரிசிக்குள் வைத்த முடிச்சு

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. காஞ்சிபுரத்தில் எங்கள் சபையின் ஆராதனை முடிந்து ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். பகல் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணிக்குள் நான் பட்ட பயத்தை அதற்கு முன்பும் பட்டதில்லை, பின்பும் பட்டதில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பட்டுச் சேலை முந்தானைக்குக் குச்சு போட்டுக் கொடுப்பது என் தொழில். கை வேகம், வாய் அதைவிட வேகம். சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு அப்போது நான்தான் செயலாளர். நான் இல்லையென்றால் அங்கே ஒரு துரும்பும் அசையாது என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

எங்கள் சபையில் பிடி அரிசி என்று ஒரு பழக்கம் உண்டு. தினமும் உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, கஷ்டப்படுகிற ஏதாவது ஒரு குடும்பத்துக்காக ஒரு நிமிஷம் ஜெபித்துவிட்டு, தனியாக ஒரு பையில் போட்டு வைக்க வேண்டும். மாத முதல் ஞாயிறு அந்தப் பையைச் சபைக்குக் கொண்டுவருவோம். எல்லார் வீட்டு அரிசியும் பின்னறையில் இருக்கும் பெரிய அண்டாவில் ஒன்றாகக் கொட்டப்படும். ரேஷன் அரிசியும் பொன்னி அரிசியும் கலந்துதான் கிடக்கும். அதைப் படியால் அளந்து துணிப்பைகளில் போடுவோம். பட்டுக் கடைகளில் சேலை வாங்கினால் கொடுப்பார்களே, அந்தப் பைகள்தான். இந்த ஊரில் யார் வீட்டில் பார்த்தாலும் பத்துப் பதினைந்து கிடக்கும் என்பதால், பையைப் பார்த்து யார் கொடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஐந்து பெண்கள் ஆளுக்கு மூன்று நான்கு பைகளை எடுத்துக்கொண்டு போய், சாப்பாட்டுக்குச் சிரமப்படுகிற வீட்டுக் கதவில் மாட்டிவிட்டுச் சத்தம் காட்டாமல் வந்துவிடுவோம். எந்த ஜாதி, எந்தச் சாமி என்று பார்ப்பதில்லை. யார் எந்த வீட்டில் மாட்டினோம் என்று எங்களுக்குள்கூடச் சொல்லிக்கொள்ள மாட்டோம், எழுதி வைப்பதும் கிடையாது. வெளியே தெரிந்தால் வாங்கினவர்கள் கூனிக் குறுகிப் போவார்கள் என்று நான் போட்ட சட்டம் அது. அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

முடிச்சும் என் யோசனைதான். பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்காக, விருப்பமுள்ளவர்கள் ஒரு துண்டுத் துணியில் கற்கண்டோ மிட்டாயோ முடிந்து அரிசியோடு போட்டுக் கொண்டுவருவார்கள். அளக்கும்போது முடிச்சு கையில் பட்டால், பிரித்துப் பார்க்காமல் அப்படியே ஏதாவது ஒரு பைக்குள் தள்ளிவிடுவோம். காணிக்கையைப் பிரித்துப் பார்க்கக் கூடாது இல்லையா? அரிசிக்குள் கைவிட்டு முடிச்சைத் தேடும் பிள்ளைகளை நினைத்து நான் பூரித்துப்போனது உண்டு.

அந்த ஞாயிறுக்கு முந்தின மாதம் ஒரு காரியம் செய்தேன். சபைக்குப் புதிதாக வர ஆரம்பித்திருந்தாள் ஒரு சின்ன வயசுப் பெண். கணவர் கூலிக்குத் தறி நெய்கிறவர். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. எல்லாரும் அண்டாவில் அரிசியைக் கொட்டும்போது அவள் மட்டும் பையை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். என் வாய் சும்மா இருக்குமா?

“இன்னாம்மா, மாசம் முழுக்க உங்க வூட்ல அடுப்பே எரியலையா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் சிரித்துவிட்டதால் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, அதை அத்தோடு மறந்தும் போனேன்.

இந்த மாதம் அவள் பை நிறைய அரிசி கொண்டுவந்தாள். “பாத்தியா, மனசு வெச்சா முடியுது” என்று தோளில் தட்டிக் கொடுத்தேன். அன்றைக்குக் கரண்ட் இல்லை. மழை இருட்டில் பின்னறையில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. மழையால் நிறையத் தறிகள் நின்றிருந்த நேரம் என்பதால் சீக்கிரம் கொண்டு சேர்க்க வேண்டும் என்று அவசர அவசரமாக அளந்தேன். பதினெட்டுப் பை வந்தது. நடுவில் ஏழெட்டு முடிச்சுகள் கையில் தட்டுப்பட்டன. அதில் ஒன்று மட்டும் வெள்ளை வேட்டித் துணியில், சணல் கயிறு சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. மற்றதெல்லாம் ஜாக்கெட் துணி முடிச்சுகள். யாரோ ஒரு ஆம்பளை கட்டிய முடிச்சு போலிருக்கிறது என்று எனக்குள் சிரித்துக்கொண்டு, அதையும் ஒரு பைக்குள் அழுத்தினேன்.

என் பங்கு நாலு பைகளை மாட்டிவிட்டு, பின்னறையைப் பூட்டத் திரும்பி வந்தேன். அந்தப் பெண் அங்கேதான் இருந்தாள். ஆலயம் பெருக்குவது அன்று அவள் முறை. துடைப்பத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு போன் பேசிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, அது எங்க வூட்டு அரிசி இல்லக்கா. முசரவாக்கத்துல எங்க அண்ணன் வூட்ல கேட்டு வாங்கியாந்தது. நேத்து அண்ணன் வயலுக்குப் போயிருந்தாரு. அண்ணி எடுத்துக்கன்னு சொன்னாங்க, நானே மூட்டையில அள்ளிக்கினேன். வண்டு வராம இருக்க அண்ணன் மூணு மாத்திரைய தனித்தனியா துணியில முடிஞ்சு உள்ள வெச்சிருந்தாராம். இப்ப பாத்தா ரெண்டுதான் இருக்குதாம்கா.”

நெல்லும் அரிசியும் மூட்டையில் வைக்கிற வீடுகளில் அந்த மாத்திரையின் பெயரைச் சொன்னாலே பிள்ளைகளைத் தூரப் போகச் சொல்வார்கள். அவ்வளவு கொடிய விஷம். அந்த வேட்டித் துணி முடிச்சு என் விரலில் பட்டது அப்போதும் ஞாபகம் இருந்தது. எந்தப் பைக்குள் அழுத்தினேன் என்பதுதான் ஞாபகம் வரவில்லை. பதினெட்டில் எதுவாகவும் இருக்கலாம். நான் விஷத்தை மிட்டாய் என்று பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

எங்கே அனுப்பினேன் என்பதும் தெரியாது. எழுதி வைக்கக் கூடாது என்று சட்டம் போட்ட புண்ணியவதி நான்தானே!

போனை எடுத்தேன். மூன்று பெண்களுக்கு உடனே கிடைத்தது. “எதையும் கேக்காதீங்க. நீங்க மாட்டின வூடுங்களுக்கு இப்பவே ஓடுங்க. அரிசிய திருப்பி வாங்குங்க. முடிச்ச யாரும் தொடக் கூடாது” என்று கத்தினேன். மிச்சம் ஒருத்தர், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அக்கா. அவர் ஞாயிற்றுக்கிழமை போனைத் தொடவே மாட்டார். பைகளை மாட்டி முடித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் வார்டு வார்டாக நோயாளிகளுக்காக ஜெபிப்பது அவர் வழக்கம்.

முதலில் என் நாலு வீடுகளுக்குப் போவது, பிறகு ஆஸ்பத்திரி என்று முடிவு செய்தோம். ஸ்கூட்டியில் அந்தப் பெண் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் “இயேசப்பா, இயேசப்பா” என்று அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. எனக்கு ஜெபம் வரவில்லை. ஆயிரம் கூட்டங்களில் ஜெபம் நடத்தியவளுக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை, நம்புங்கள்.

இரண்டு வீடுகளில் பை மாட்டினபடியே தொங்கிக்கொண்டிருந்தது. அவிழ்த்துக்கொண்டோம். மூன்றாவது வீட்டில் ஒரு தாத்தா மட்டும் இருந்தார், பையைப் பிரிக்கவே இல்லை. நாலாவது வீட்டில்தான் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எனக்குக் குச்சு வேலை கொடுக்கிற நெசவாளர் வீடு அது. தறிக்குழியில் தண்ணீர் ஊறி மூன்று வாரமாக வேலை நின்றிருந்தது எனக்குத் தெரியும், அதனால்தான் மாட்டினேன். உள்ளே போனபோது அந்த அம்மா அரிசியைக் களைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பையன்கள் கன்னம் உப்ப எதையோ சப்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் பாய்ந்து பெரியவன் வாய்க்குள் விரலை விட்டேன். அவன் என்னைக் கடித்தான். வெளியே வந்தது கற்கண்டு. சின்னவன் பயந்துபோய்த் தானாகவே துப்பினான். அதுவும் கற்கண்டு. தரையில் பூப்போட்ட ஜாக்கெட் துணி கிடந்தது.

அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி அரிசியைக் கேட்டேன். அவர் களைந்த அரிசியை அப்படியே பாத்திரத்தோடு என் கையில் கொடுத்தார். “கதவுல பைய மாட்டினது நீங்கதானா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு வேலை கொடுக்கிறவர், என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டார். நான் இத்தனை மாதமாகக் காப்பாற்றிய ரகசியம் அந்த ஒரு நொடியில் போயிற்று. அதற்காக வருத்தப்படக்கூட எனக்கு அப்போது நேரமில்லை.

ஆஸ்பத்திரிக்குள் போகும்போது மற்ற மூன்று பேரும் போன் செய்துவிட்டார்கள். பத்துப் பைகளும் கிடைத்துவிட்டன. எதிலும் அந்த முடிச்சு இல்லை. என்னுடைய நாலிலும் இல்லை. மிச்சம் நாலு பை. நாலையும் மாட்டினது அந்த அக்கா.

பெண்கள் வார்டில் ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் கண்ணை மூடி நின்றிருந்தார். நான் தோளைப் பிடித்து உலுக்கினேன். சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

“அந்த மாத்திரைய தின்னுட்டு இங்க வந்தவங்கள பாத்திருக்கேன். நிக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே மூன்று வீடுகளுக்கு அடையாளம் சொன்னார். நான் அதை மற்றவர்களுக்குப் போனில் சொன்னேன்.

“அக்கா, நாலாவது வூடு?”

அவர் என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணையே பார்த்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க வூடுதாம்மா” என்றார். “போன மாசம் நீ வெறும் பைய மடிச்சு வெச்சிக்கினு நின்னியே, அப்பவே எனக்குத் தெரிஞ்சுது. நீ சபையில பெருக்கிக்கினு இருக்கிற நேரமா பாத்து மாட்டிட்டு வந்தேன்.”

அந்தப் பெண் அலறவில்லை, அழவில்லை. “பாப்பா வூட்ல இருக்குதுக்கா” என்று மட்டும் சொன்னாள். குழந்தைக்கு ஜுரம் என்று சபைக்குக் கூட்டி வராமல், பக்கத்துப் போர்ஷன் அம்மா பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அந்த அம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்குப் பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்தை நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்த நாள் வேறு. பட்டு எடுக்க வந்த வெளியூர்க் கார்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. ஹாரனை அமுக்கிக்கொண்டே போனேன். அவள் பின்னாலிருந்து என் ஜாக்கெட்டைப் பிடித்திருந்த பிடியில் தோள் தையல் பிரிந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. இவள் வீட்டில் ஒரு பிடி எடுத்து வைக்க அரிசி இல்லை. நான் கேட்ட கேள்விக்குப் பயந்து, அண்ணன் வீட்டு வாசலில் போய்க் கை நீட்டியிருக்கிறாள். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால், அந்த விஷத்தை அனுப்பியது மாத்திரை வைத்த அண்ணன் இல்லை, அள்ளின இவள் இல்லை. நான்தான்.

ஐந்து குடித்தனம் இருக்கிற சந்து. அவள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கதவில் பை இல்லை. உள்ளே பாய் மட்டும் விரித்திருந்தது, குழந்தை இல்லை. அவள் “பாப்பா!” என்று கத்திய கத்தலில் சந்து முழுக்க வெளியே வந்துவிட்டது.

பக்கத்துப் போர்ஷன் அம்மா தெரு முனையிலிருந்து வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் விளக்குமாறு, இடுப்பில் குழந்தை. குழந்தை தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தது. அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் சத்தம் போட ஆரம்பித்தார்.

“உங்க வூட்டுக்கு எவளோ செய்வினை வெச்சிருக்காம்மா! கதவுல பை, பைக்குள்ள அரிசி, அரிசிக்குள்ள கயிறு சுத்தின முடிச்சு! இந்தக் கொழந்த அத வாயில வெச்சு அவுக்குது. முதுகுல ஒண்ணு வெச்சு புடுங்கிட்டேன். அத்தனையும் வாரிக்கினு போய் மூணு தெரு கூடுற எடத்துல வீசிட்டு வர்றேன். திரும்பிப் பாக்காம வரணும், அதான் போன எடுக்கல.”

நான் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அந்தப் பெண் குழந்தையின் வாயைத் திறந்து திறந்து பார்த்தாள்.

பயம் அதோடு தீரவில்லை. ஆட்டோ பிடித்து நர்ஸ் அக்கா வந்து சேர்ந்தார். குழந்தையின் வாயையும் கையையும் கழுவிவிட்டு, அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சணல் கயிறு இறுக்கமாக இருந்ததால் முடிச்சு அவிழவில்லை. ஆனாலும் குழந்தையின் எச்சில் பட்ட துணி அது. டாக்டர் சாயங்காலம் வரை வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். குழந்தை தும்மினால்கூட எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு மணிக்கு அது இட்லி கேட்டது. டாக்டர் சிரித்துக்கொண்டே, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

இதற்குள் முசரவாக்கத்திலிருந்து அண்ணன் பைக்கில் வந்து சேர்ந்திருந்தார். மூன்று தெரு கூடுகிற இடத்தில், மழையில் நனைந்த முடிச்சிலிருந்து மூக்கைத் துளைக்கிற நாற்றம் வந்துகொண்டிருந்ததாம். யாரையும் பக்கத்தில் விடாமல், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அவரே அப்புறப்படுத்தினார். மற்றப் பைகளில் இருந்த அரிசியையும் ஒரு மணி விடாமல் ஆலய வளாகத்தில் குழி தோண்டிப் புதைத்தோம். போதகர் ஒன்றும் திட்டவில்லை. “அந்தப் பதினெட்டு வூட்லயும் இன்னிக்கு ராத்திரி அடுப்பு எரியணும்மா” என்று மட்டும் சொன்னார். அவரவர் வீட்டு டப்பாவில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய், இந்த முறை கதவைத் தட்டி, முகத்தைப் பார்த்து, மன்னிப்பும் கேட்டுக் கொடுத்தோம்.

கடைசியாக அந்தச் சந்துக்குப் போனேன். அந்தப் பெண்ணிடம் “நான் கேட்டது தப்பும்மா” என்றேன். “விடுங்கக்கா, கொழந்த நல்லாருக்குது” என்றாள். பக்கத்துப் போர்ஷன் அம்மாவுக்கு அதற்குள் விஷயம் முழுக்கத் தெரிந்திருந்தது. “நீங்கதானா அந்தச் செய்வினைக்காரி?” என்று கேட்டுவிட்டு எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். நானும் சிரித்தேன். செய்வினை என்று யாராவது சொன்னால் நீட்டி முழக்கிப் புத்தி சொல்கிறவள் நான். அன்றைக்கு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இப்போது முடிச்சு வைப்பதை நிறுத்திவிட்டோம். யார் எந்த வீட்டுக்குக் கொடுக்கிறோம் என்பது இன்னும் ரகசியம்தான், ஆனால் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கும். செயலாளர் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். பைகளை வாங்கி வைக்கிற வேலையை மட்டும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாத முதல் ஞாயிறு அந்தப் பெண் வந்தாள். தறி அப்போதும் ஓடவில்லை. பையை மடித்துத்தான் கொண்டுவந்திருந்தாள். இந்த முறை ஓரமாக நிற்காமல் நேராக வந்து என் கையில் கொடுத்தாள். நான் அதை நிறைந்த பைகளோடு சேர்த்துக் காணிக்கை வைக்கிற மேடையில் வைத்தேன். அன்றிலிருந்து எங்கள் சபையில் வெறும் பையும் மேடைக்கு வருகிறது. அந்த வாரத்துக்குள் அந்த வெறும் பை வந்த வீட்டுக்கு யாராவது ஒருத்தர் போய்விடுவோம்.

மடித்த பை ஒன்று கைக்கு வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் திறந்து கிடந்த கதவும் ஆள் இல்லாத பாயும் கண்ணுக்குள் வந்து நிற்கின்றன. எத்தனையோ பயங்களைப் போக்கும்படி ஜெபித்திருக்கிறேன், இந்த ஒரு பயம் மட்டும் என்னைவிட்டுப் போய்விடக் கூடாது என்று ஜெபிக்கிறேன்.